கைமாறும் பொருள்கள் – 7: உயிர் நீங்கிய மடிக்கணினியின் விலை

பழைய தாளும் இரும்பும் வாங்குகிறவரின் லாரி, ‘சூராட் கபார் லாமா’ என்று ஒலிபெருக்கியில் கூவியபடி ஈப்போவின் தாமான்களுக்குள் நுழைகிறபோது, திரை உடைந்து, விசைகள் உதிர்ந்து, மின்சாரம் பாய்ச்சினாலும் கண் விழிக்காத மடிக்கணினியைத் தாள்கட்டோடு சேர்த்துத் தூக்கிக் கொடுத்துவிடுவதே சில வருஷங்களுக்கு முன்புவரை நம் வீடுகளின் வழக்கமாக இருந்தது. இன்றோ அதே யந்திரத்தை, அது உயிர் நீங்கிய நிலையிலேயே, விலை பேசி வாங்கிக்கொள்ள ஆள் இருக்கிறது. ஓடுகிற பழைய கணினிக்கு விலை ஏறினால் ஆச்சரியம் இல்லை; ஓடாததற்கும் ஏறியிருப்பதுதான் விசாரிக்கத் தக்க விஷயம். சென்ற வாரம் தையல் யந்திரங்களைப் பற்றிப் பேசிய இத்தொடரில் இவ்வாரம் அதை எடுத்துக்கொள்கிறேன்.

யந்திரம் உயிர் நீங்கினாலும் அதனுள் இருக்கும் நினைவகச் சில்லு பெரும்பாலும் நன்றாகவே இருக்கும்; இன்று பஞ்சம் அந்தச் சில்லுக்குத்தான். கணினிகளுக்கு வேண்டிய நினைவகச் சில்லுகளில் மிகப் பெரும்பகுதியைச் செய்பவை தென் கொரியாவின் சாம்சங், எஸ்.கே. ஹைனிக்ஸ், அமெரிக்காவின் மைக்ரான் ஆகிய மூன்றே நிறுவனங்கள். செயற்கை நுண்ணறிவுக்காக எழும்பும் தரவு மையங்கள் கேட்கிற உயர்ரகச் சில்லில் லாபம் அதிகம் என்பதால், இம்மூன்றும் தங்கள் ஆலைகளை அந்தப் பக்கம் திருப்பின. 2025இல், பழைய மடிக்கணினிகளில் உள்ள டிடிஆர்4 வகையின் உற்பத்தியைக் குறைக்கத் தொடங்கின. அவ்வருஷம் டிசம்பர் 3ஆம் தேதி, ‘குருஷியல்’ என்ற பெயரில் சாதாரண ஜனங்களுக்கு 29 வருஷமாக விற்றுவந்த வியாபாரத்தையே மூடப்போவதாக மைக்ரான் அறிவித்தது. அதே மைக்ரானுக்கு, நமக்கு வடக்கே பினாங்கு மாநிலத்துப் பத்து காவானில் ஆலை இருக்கிறது. ஈப்போவிலேயே கார்செம், யூனிசெம் என்னும் நிறுவனங்களில் நம் பிள்ளைகள் சில்லுகளை உறையிட்டுச் சோதித்து உலகுக்கு அனுப்பிக்கொண்டிருக்கிறார்கள். ஜொகூரில், கூலாய் யங் தோட்டம் என்றிருந்த செம்பனை நிலத்தில் இன்று ஒய்.டி.எல். நிறுவனத்தின் தரவு மையங்கள் எழுந்து நிற்கின்றன. சில்லில் உழைக்கும் கையும் அதை விழுங்கும் மாளிகையும் இந்நாட்டிலேயே இருக்க, விலை மட்டும் கடல் கடந்த இடங்களில் நிர்ணயமாகிறது.

தோட்டத்து ஜனங்களுக்கு இது புதிய அனுபவம் அன்று. 1877இல் கோலகங்சாரில் நட்ட ரப்பர்க் கன்றுகளில் ஒன்று இன்றும் மரமாக நிற்கிறது. அதன் சந்ததி பேராக்கின் மலையடிவாரங்களை மூடிய நாள் முதல், லண்டனில் ஏறி இறங்கிய விலையைக் கொண்டே லயத்து வீடுகளில் உலை கொதித்தது. 1930களின் மந்தத்தில் ஆயிரமாயிரம் பேர் கப்பலேற்றித் தாயகத்துக்குத் திருப்பி அனுப்பப்பட்டார்கள். 1950இல் கொரியப் போர் மூண்டதும் ரப்பர் விலை வானளாவ ஏறியது. அவ்வாறு ஏறிய காலங்களில் மங்கில் சொட்டிய பாலுக்கு மட்டுமின்றி, வெட்டுக்கோட்டில் காய்ந்து கிடந்த ஒட்டுப்பாலுக்கும் மதிப்பு வந்தது. உயிரற்ற மடிக்கணினி இன்றைய ஒட்டுப்பால். ஆனால் பெரிய பேதம் ஒன்று உண்டு: ஒட்டுப்பாலை உரித்துச் சேர்த்தவர்களுக்கு அதில் நாலு காசு கிடைத்தது, அவர்களுடைய பேரப்பிள்ளைகளோ பழைய கணினியை விற்பவர்கள் அல்லர், வாங்குபவர்கள். அன்று ஏற்றம் கொஞ்சமாவது கொடுத்தது, இன்று எடுத்துக்கொள்கிறது.

2020 மார்ச் 18இல் நடமாட்டக் கட்டுப்பாடு வந்து பள்ளிகள் மூடப்பட்டபோது கல்வி அமைச்சு நடத்திய ஆய்வில், நூற்றுக்கு 36.9 மாணவர்களிடம் எந்தச் சாதனமுமே இல்லை என்று தெரியவந்தது. பிறகு ‘செர்டிக்’ என்ற திட்டத்தில் 150,000 மடிக்கணினிகள் ஏழை மாணவர்களுக்கென அறிவிக்கப்பட்டன. அது நல்ல காரியம், ஆனால் தேவையோ அதைவிட வெகு பெரிது. சுங்கை சிப்புட் வட்டாரத்தில் எல்பில், டவன்பி, ஹேவூட் என்று தோட்டத்தின் பெயரையே தாங்கி நிற்கும் தமிழ்ப்பள்ளிகள் இருக்கின்றன. தோட்டங்கள் துண்டாடப்பட்டும் ரப்பர் போய்ச் செம்பனை வந்தும் நகரத்து மலிவு வீடுகளுக்குக் குடிபெயர்ந்த குடும்பங்களில், ஒரு பிள்ளையின் முதல் கணினி என்பது பெரும்பாலும் ஏதோ ஓர் அலுவலகம் கழித்து, இரண்டு மூன்று கை மாறி வந்த யந்திரமாகவே இருந்திருக்கிறது. 2025 அக்டோபர் 14இல் விண்டோஸ் 10க்கு மைக்ரோசாப்ட் ஆதரவை நிறுத்தியபோது, அலுவலகங்கள் கழிக்கும் கணினிகள் பெருகி விலை சரியும் என்று பலர் எதிர்பார்த்தது நியாயமே. சில்லின் பஞ்சம் அந்த எதிர்பார்ப்பைக் கெடுத்தது.

எப்படிக் கெடுத்தது என்பதை, ஈப்போவில் எனக்குப் பழக்கமான ஒரு பழுதுபார்க்கும் கடையில் காதால் கேட்டேன்.

“எப்படியாச்சும் சரிபண்ணிக் கொடுத்துடுங்க தம்பி, பெரியவளுக்கு இந்த வருஷம் எஸ்.பி.எம்.”

“போர்டு போயிருச்சு அக்கா. இதே மாடல்ல செத்தது ஒண்ணு கிடைச்சா அதுல இருந்து மாத்தலாம். முந்தி சும்மா கிடைக்கும், இப்போ எவனும் முழுசாத் தர்றதில்ல, ரேமை உருவிட்டுத்தான் தர்றான், அதுக்கும் காசு கேக்குறான். வேணும்னா இதை என்கிட்டயே வித்துடுங்க, உள்ள இருக்கிற ரேமுக்கும் எஸ்எஸ்டிக்கும் நல்ல விலை வரும்.”

“வித்துட்டு அவ எதுல படிப்பா?”

அந்த இளைஞர் பதில் சொல்லவில்லை. அவர் கெட்டவர் அல்லர். அவர் சொன்னதில் பொய்யும் இல்லை. இந்த விலையேற்றத்தின் கொடுமையே அங்குதான் இருக்கிறது என்பது என் அபிப்பிராயம். முழு யந்திரத்தைவிட அதன் உறுப்புகள் அதிகம் பெறுகிற நிலை வந்துவிட்டால், பழுது நீக்கி ஒரு பிள்ளையிடம் சேர்க்கத் தக்க கணினியும் பிரித்துப் போடப்படும். பிரித்த உறுப்புகள் காசுள்ளவரின் கணினியைப் பலப்படுத்தப் போகும். ஏழைக்கு எட்டிய ஒரே சந்தையில் முழுச் சரக்கு குறைந்து, மிஞ்சியதற்கு விலை மேலும் ஏறும். இதற்கு உற்பத்தியாளர்களும் பொறுப்பாளிகளே. மெல்லிய உடலை முன்னிட்டு நினைவகத்தைத் தாய்ப்பலகையிலேயே பற்றவைத்துவிடுகிற மாதிரிகளில், பலகை கெட்டால் அதனோடு நல்ல சில்லும் சாகிறது. கழற்றி மாற்றத் தக்க பழைய மாதிரிகளை வியாபாரிகள் விரும்பித் தேடுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

நினைவகம் உருவப்பட்ட பின்னும் பலகை வீணாவதில்லை. அதன் இணைப்பு முனைகளில் மெல்லிய தங்கப் பூச்சு உண்டு. தங்கமோ 2025 அக்டோபரில் அவுன்ஸுக்கு 4,000 டாலரைத் தாண்டியது. சில்லுகளைப் பிணைக்கும் இக்காலத்துப் பற்றாசில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் வெள்ளீயம். கிந்தா பள்ளத்தாக்கு ஒரு நூற்றாண்டுக் காலம் உலகுக்குத் தோண்டிக் கொடுத்த அதே உலோகம், 1985இல் விலை வீழ்ந்து இங்குள்ள ஈயச் சுரங்கங்களை ஒன்றன்பின் ஒன்றாக மூடவைத்த அதே உலோகம். இவற்றைப் பிரித்தெடுக்கத் தக்க ஆலைகள் இருக்கின்றன. ஆயினும் அமிலத் தொட்டியிலும் திறந்த நெருப்பிலும் பிரிப்பவர்களும் இருக்கிறார்கள். அந்தப் புகையைச் சுவாசிப்பவர் எப்போதும் கூலிக்கு நிற்பவரே. மின்னணுக் கழிவு நம் நாட்டில் 2005ஆம் ஆண்டு விதிகளின்படி எஸ்.டபிள்யூ. 110 என்ற வகைக்குள் அடங்கிய ஆபத்தான கழிவு என்பதை, வீட்டுக் கணினியை யாரிடம் கொடுக்கிறோம் என்று கேளாமல் கொடுக்கிற நம்மில் அநேகர் அறியமாட்டோம்.

அந்தக் கடை இளைஞர் சொன்ன ஒரு நுணுக்கம் என் மனத்தை விட்டு அகலவில்லை. ஒரே மாதிரியைச் சேர்ந்த இறந்த கணினிகள் பல ஒன்றாகக் கிடைத்தால், ஒன்றின் திரையும் மற்றொன்றின் பலகையும் வேறொன்றின் மின்கலமுமாகச் சேர்த்து, வெகு குறைந்த செலவில் சிலவற்றை எழுப்பிவிடலாமாம். வீடுகளிலிருந்து வருபவை ஒவ்வொன்றும் ஒவ்வொரு ஜாதி, ஆகையால் அவற்றில் இது கைகூடுவதில்லை. ஒரே மாதிரியை மொத்தமாக வாங்கி மொத்தமாகக் கழிப்பவை நிறுவனங்களே. அவை கழிக்கிற சரக்கு உறுப்பு வியாபாரியிடம் போகுமுன், நினைவகம் உருவப்படாத நிலையிலேயே, தமிழ்ப்பள்ளிகளின் மேலாளர் வாரியங்களும் பெற்றோர் ஆசிரியர் சங்கங்களும் ஒன்றுகூடிக் கேட்டு வாங்கினால் என்ன? பேராக்கில் மட்டும் 130க்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் உள்ளன. சேர்ந்து கேட்டால் அது சிறிய குரல் அன்று. சுங்கை சிப்புட்டில் பிறந்த துன் வீ.தி. சம்பந்தன் 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்க, பால்மரம் சீவியவர்களிடம் பத்துப் பத்து வெள்ளியாகச் சேர்த்துத் தோட்டங்களையே விலைக்கு வாங்கிய சமூகத்துக்கு, பழைய கணினிகளை வாங்குவது ஆகாத காரியமாகுமா?

நிறுவனங்கள் கழிவுச் சரக்கை எவ்விதம் ஏலத்துக்கு விடுகின்றன, அதில் ஒரு பள்ளிச் சங்கம் நுழைய வேண்டுமானால் எந்தெந்தப் படிகளைக் கடக்க வேண்டும் என்பதை அடுத்த வாரம் விரித்து எழுதுகிறேன்.

(தொடரும்)