வேம்பாருக்கு எது பக்கம்: சென்னையா, கொழும்பா?

தூத்துக்குடி மாவட்டத்து வேம்பார் கடற்கரையிலிருந்து எது பக்கம்? சென்னையா, கொழும்பா? கொழும்புதான்! வான்வழிக் கணக்கில் சென்னை ஏறக்குறைய 490 கிலோமீட்டர். கொழும்பு சுமார் 290.

வேம்பார் அடங்கிய முத்துக்குளித்துறைக் கரைக்காரர்களுக்குக் கொழும்பின் நெருக்கம் புதிதல்ல. 1906-ல் வ.உ.சிதம்பரனார் தொடங்கிய சுதேசிக் கப்பல் நிறுவனம், தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையேதான் கப்பல் விட்டது. 1914-ல் பாம்பன் ரயில் பாலம் திறக்கும் வரை, சென்னையிலிருந்து ரயிலில் வந்தவர்களும் தூத்துக்குடியில்தான் கொழும்புக்குக் கப்பல் ஏறினார்கள். 2011 ஜூனில் பயணிகள் கப்பல் மறுபடி வந்தது. ஓர் இரவுப் பயணம். அதே ஆண்டு நின்றும் போனது. நின்றிருக்கக் கூடாத சேவை அது.

விமானத்தில் போகலாமென்றால், தூத்துக்குடியின் வாகைக்குளம் விமான நிலையத்திலிருந்து கொழும்புக்கு நேரடிச் சேவை இல்லை; மதுரைக்குத்தான் போகவேண்டும். மதுரையிலிருந்து கொழும்பின் கட்டுநாயக்க விமான நிலையம் சுமார் 350 கிலோமீட்டர். பயணம் ஒரு மணி நேரம்போல ஆகும். இவ்வளவு குறைந்த தூரத்துக்கு ஏன் இவ்வளவு நேரம்? ஓடுபாதைக்கு ஊர்ந்து போவது, மேலே ஏறுவது, வேகம் குறைத்து இறங்குவது எல்லாம் அதில் அடக்கம். குறுகிய பயணத்தில் இவையே பெரும்பங்கு நேரத்தை எடுத்துக்கொள்ளும். தூரம் பாதியானால் நேரமும் பாதியாகிவிடாது.

வேம்பார்ப் பக்கமிருந்து கிளம்புகிறவர்கள் மதுரைச் சாலைக்கு இரண்டு மணி நேரத்துக்கு மேல் வையுங்கள். விமான நிலையச் சோதனைகளுக்கு மூன்று மணி நேரம் ஒதுக்குங்கள். கடிகாரத்தை மட்டும் மாற்றவேண்டாம். இந்தியாவுக்கும் இலங்கைக்கும் ஒரே நேரம்தான்.