திமிங்கில வேட்டை

வடமொழியில் ‘திமி’ என்பது பெருமீன். ‘கில’ என்றால் விழுங்குவது. பெருமீனையே விழுங்குவது திமிங்கிலம். ஆயினும் இது மீனன்று. நுரையீரலால் மூச்சுவிட்டு, குட்டி ஈன்று பாலூட்டும் விலங்கு.

விளக்கெரிக்கும் எண்ணெய்க்காக 18, 19ஆம் நூற்றாண்டுகளில் ஐரோப்பிய, அமெரிக்கக் கப்பல்கள் திமிங்கிலங்களை எறியீட்டியால் கொன்று குவித்தன. 1979இல் பன்னாட்டுத் திமிங்கில ஆணையம் இந்தியப் பெருங்கடலைப் புகலிடமாக அறிவித்து, அங்கு வணிக வேட்டைக்குத் தடை விதித்தது.

கொன்று குவித்த காலம் மாறி, காப்பாற்றும் மனமும் வந்தது. 2016 ஜனவரியில் தூத்துக்குடி மாவட்டம் மணப்பாடு கரையில் திமிங்கிலங்கள் கூட்டமாக ஒதுங்கின. மீனவர்கள் அவற்றைக் கடலுக்குள் இழுத்துச் சென்று காப்பாற்றப் போராடினர்.

இந்தியாவில் 1972ஆம் ஆண்டின் வனஉயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி திமிங்கில வேட்டையும், திமிங்கிலத்திடமிருந்து கிடைக்கும் அம்பர் என்ற பொருளின் விற்பனையும் குற்றம். கடலில்லாத ஊர்களிலும் அம்பர் விற்க எவரேனும் அணுகினால் வனத்துறைக்குத் தெரிவியுங்கள்.