ஆட்டிசக் குழந்தைக்கு மெல்லவும் விழுங்கவும் வீட்டிலேயே பழக்குதல்

கன்றுக்குட்டி பிறந்த சிறிது நேரத்திலேயே மடியைத் தேடிச் சென்று பாலை உறிஞ்சுகிறது. மனிதக் குழந்தையும் அவ்வாறே பால் குடிக்கும் திறனோடு பிறக்கிறது. ஆனால் கடித்தல், மெல்லுதல், உதட்டைக் குவித்து உறிஞ்சுதல் ஆகியவை பிறவியில் அமைபவை அல்ல; பழகிப் பெறுபவை. தாடையும் நாக்கும் உதடும் கன்னமும் ஒன்றோடொன்று ஒத்து இயங்கினால்தான் ஒரு கவளம் சோறு அரைபட்டுத் தொண்டையில் இறங்கும். ஆட்டிசம் உள்ள குழந்தைகளில் பலருக்கு இந்த ஒத்திசைவு எளிதில் வருவதில்லை.

அரசு ஏடுகளில் இக்குழந்தைகளைப் 'புற உலகச் சிந்தனையற்றோர்' என்று எழுதுவது வழக்கம். இச்சொல் முற்றும் பொருந்துவதாகக் கூறுவதற்கில்லை. புற உலகின் ஒலியும் ஒளியும் சுவையும் இவர்களில் பலரை மற்றவர்களைவிட மிகுதியாகவே தாக்குகின்றன. 1943ஆம் ஆண்டில் லியோ கானர் என்னும் மருத்துவர் இந்நிலையை விரிவாக விளக்கி எழுதினார். பின்னர்ச் சில காலம் தாயின் அன்புக் குறைவே இதற்குக் காரணம் என்று மருத்துவர்களே கூறிவந்தனர். அது தவறென்று ஆராய்ச்சியாளர் நிலைநாட்டிவிட்டனர். தடுப்பூசியும் இதற்குக் காரணமன்று. ஆகவே மாமியார் மருமகளைப் பழிப்பதிலும், ஊசியை அஞ்சி ஒதுக்குவதிலும் பயனில்லை.

வாயின் குறைபாடு இருவகையாக வெளிப்படும். சில குழந்தைகளுக்கு நாக்கும் தாடையும் வலுவின்றியோ ஒழுங்கின்றியோ அசையும், எச்சில் ஒழுகும், சோற்றைக் கன்னத்தில் அடக்கிக்கொண்டு விழுங்காமலிருப்பர். வேறு சிலருக்குத் தசையில் குறை இராது. வழவழப்பான வெண்டைக்காயோ, கட்டியும் நீருமாய்க் கலந்த சாம்பார் சாதமோ வாயில் பட்டவுடன் உடல் கூசும், குமட்டும். இதனை வீம்பு என்று எண்ணி மூக்கைப் பிடித்து ஊட்டுவோர் உண்டு. அவ்வாறு செய்தால் உணவு மூச்சுக் குழலில் புகக்கூடும். குழந்தையும் உண்ணும் இடத்தையே அஞ்சத் தொடங்கும்.

பயிற்சிக்கு முன் மருத்துவரிடம் காட்டுதல் அவசியம். உண்ணும்போது அடிக்கடி இருமல், விழுங்கிய பின் குரல் கரகரத்தல், திரும்பத் திரும்ப வரும் சளிக் காய்ச்சல், எடை குறைதல் ஆகிய அடையாளங்கள் இருப்பின் வீட்டுப் பயிற்சியை நிறுத்தி வைக்க வேண்டும். பல்வலி, வாய்ப்புண், மலச்சிக்கல் ஆகியவையும் உணவை மறுக்கக் காரணமாகும். சொல்லத் தெரியாத குழந்தை மறுத்துத்தான் காட்டும்.

நம் கிராமங்களில் ஒரு செய்தியைக் கவனிக்க வேண்டும். கேழ்வரகுக் களியும் கூழும் சத்து மிக்கவை; ஆயினும் களியை நாம் மெல்லுவதில்லை, உருட்டி விழுங்குகிறோம். மெல்லத் தெரியாத குழந்தைக்குப் பல ஆண்டுகள் களியும் கஞ்சியும் மட்டுமே கொடுத்துவந்தால், மெல்லுவதற்கு வாய்ப்பே ஏற்படாமற் போகும். ஆகையால் குழந்தை ஏற்கும் உணவிலிருந்தே படிப்படியாக ஏற வேண்டும். கஞ்சியைச் சிறிது கெட்டியாக்குதல் முதற்படி. அடுத்து மசித்த இட்லி. பின்னர் விரலளவு நறுக்கிய இட்லித் துண்டு, வேகவைத்த சர்க்கரைவள்ளிக் கிழங்கு. அதன்பின் மெல்லிய தோசையின் முறுகலான ஓரம். புதிய உணவைத் தட்டின் ஓரத்தில் வைத்துத் தொடவும் முகரவும் விடலாம். பத்துப் பதினைந்து முறை மறுத்த பின்னர் ஏற்றுக்கொள்ளும் குழந்தைகளும் உண்டு.

குழந்தை நிமிர்ந்து அமர்ந்திருக்க வேண்டும். கால்கள் பலகையிலோ தரையிலோ நன்கு ஊன்றியிருக்க வேண்டும். படுத்தோ ஓடியாடியோ உண்ணலாகாது. துண்டை நாக்கின் நடுவில் வைத்தால் அப்படியே விழுங்கப் பார்க்கும். கடைவாய்ப் பற்களின் பக்கம் வைத்தால் தாடை தானே அரைக்கத் தொடங்கும். இடமும் வலமும் மாற்றி வைத்தல் நன்று. உதட்டோரத்தில் சிறிது வெல்லப்பாகு தடவினால் நாக்கு அத்திசையில் நீளும். பல் துலக்குவதும் வாயின் கூச்சத்தைக் குறைக்கும் பயிற்சியே. கன்னத்தையும் உதட்டையும் வெளியிலிருந்து அழுத்தித் துடைத்துப் பழக்கிய பின் மென்மையான தூரிகையை உள்ளே கொண்டு செல்லலாம். மோர், இளநீர் முதலியவற்றைக் குழலால் உறிஞ்சப் பழக்கும்போது, குழலைக் குட்டையாக வெட்டிக் கொடுத்தால் எளிதில் மேலேறும். பப்பாளிக் காம்பைக் குழலாக்கித் தருதல் கூடாது. அதன் பால் வாயைப் புண்ணாக்கும். ஒரு வேளைக்கு ஐந்து நிமிடம் போதும். குழந்தை முகத்தைத் திருப்பினால் அன்றைக்கு நிறுத்திவிடுக.

வேர்க்கடலை, பொட்டுக்கடலை, முழுத் திராட்சை, புளியங்கொட்டை போன்றவற்றை மெல்லத் தெரியாத குழந்தைக்கு எட்டாத இடத்தில் வைத்தல் வேண்டும். ஒரு வயது கடந்த குழந்தைக்கு உணவு அடைத்து, இருமவோ அழவோ இயலாமற் போனால், அதனை முன்புறம் குனியவைத்துத் தோள்பட்டைகளின் நடுவே உள்ளங்கையின் அடிப்பகுதியால் ஐந்து முறை ஓங்கித் தட்ட வேண்டும். அடைப்பு நீங்காவிடில், பின்னாலிருந்து அணைத்து, தொப்புளுக்கு மேல் உட்புறமும் மேல்நோக்கியும் ஐந்து முறை அழுத்த வேண்டும். இவ்விரண்டையும் மாறி மாறிச் செய்துகொண்டே 108க்குச் சொல்லியனுப்புக. கண்ணுக்குத் தெரியாத துண்டை விரல்விட்டுத் துழாவினால் அது இன்னும் ஆழத்தில் போய்விடும்.

பீப்பி ஊதினால் பேச்சு வரும், வசம்பு உரைத்து நாக்கில் தேய்த்தால் பேச்சு வரும் என்னும் நம்பிக்கைகள் உள்ளன. வசம்பு பேச்சைத் தரும் என்பதற்குச் சான்றில்லை. ஊதும் பயிற்சி மட்டும் பேச்சை வளர்த்ததாகவும் தக்க சான்றில்லை. ஊதுவது குழந்தைக்கு மகிழ்ச்சி தருமாயின் விளையாட்டாகச் செய்யலாம், அவ்வளவே. பேச்சுக்கு முதலில் செவித்திறனைச் சோதிக்க வேண்டும். பின்னர்க் குழந்தை பார்க்கும் பொருளையே பெயர் சொல்லிப் பேசுதல், அது கைகாட்டும்போது உடனே பதிலளித்தல், படங்களைக் காட்டிக் கேட்கப் பழக்குதல் ஆகியவை உதவும். படம் காட்டப் பழகினால் பேச்சு நின்றுவிடும் என்று அஞ்ச வேண்டாம்.

இதில் பஞ்சாயத்து அங்கத்தினர்களுக்கும் பங்குண்டு. 2013ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற தேசியச் சிறார் நலத் திட்டத்தின்படி மருத்துவக் குழு ஆண்டுக்கு இருமுறை அங்கன்வாடிக்கும், ஒருமுறை அரசுப் பள்ளிக்கும் வந்து சோதிக்க வேண்டும். அந்நாள்களை முன்கூட்டியே தண்டோரா மூலமோ ஒலிபெருக்கி மூலமோ அறிவித்தால், வீட்டிலேயே மறைத்து வைக்கப்பெற்ற குழந்தையும் வந்து சேரும். அக்குழு அனுப்பும் குழந்தைக்கு மாவட்ட ஆரம்ப நிலை இடையீட்டுச் சேவை மையத்தில் பயிற்சியாளரின் உதவி கிடைக்கும். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அங்கீகரித்த 21 வகைகளில் ஆட்டிசமும் ஒன்று. எனவே அடையாள அட்டைக்கும் விண்ணப்பிக்கலாம். பேருந்துக்கு வழியற்ற தாய்மாரை அம்மையத்துக்கு அழைத்துச் செல்ல வாகன ஏற்பாடு செய்வது பற்றி வரும் கிராம சபையிலேயே பேசி முடிவெடுக்கலாம்.