சீர்காழிக்காரரிடம் கேட்டிருக்கலாம்

நெல்லிக்குப்பம் மாதிரி ஊரில் எந்த நெட் சென்டருக்குள் நுழைந்தாலும் சுவரில் ஒரு தாள் ஒட்டியிருக்கும். ஸ்கெட்ச் பேனாவால் எழுதியது. ‘வருமானச் சான்று – ஆதார், ரேஷன் கார்டு, போட்டோ’, ‘பட்டா மாறுதல் – பத்திரம், வில்லங்கம், ஆதார்’, ‘ஓ.டி.பி. வரும் போனைக் கையோடு கொண்டு வரவும்’. கடைசி வரிக்கு மட்டும் சிவப்பில் அடிக்கோடு. வருகிறவர்களில் பாதிப் பேர் அந்த போனை வீட்டில் பிள்ளையிடம் கொடுத்துவிட்டுத்தான் வருவார்கள்.

அந்தத் தாளை எழுதியவர் வடிவமைப்புப் படித்தவர் இல்லை. வாசலில் வந்து நிற்கிறவர்கள் தினமும் என்ன கேட்கிறார்கள் என்று அவருக்குத் தெரியும், அவ்வளவுதான். அதிகம் கேட்பதை மேலே எழுதினார். ஜனங்கள் தடுக்கி விழுகிற இடத்தில் சிவப்பு மை வைத்தார். பெரிய பெரிய இணையதளங்களின் ‘உதவி’ பகுதியில் பெரும்பாலும் காணக் கிடைக்காதவை இந்த இரண்டும்தான்.

ஒரு சராசரி ‘உதவி’ பக்கத்தைத் திறந்து பாருங்கள். ஹெட்போன் மாட்டிக்கொண்டு சிரிக்கிற பெண்ணின் படம் பாதித் திரையை அடைத்திருக்கும். அதன் கீழே நாலைந்து பெட்டிகள்: ‘கணக்கு மேலாண்மை’, ‘கட்டணச் சேவைகள்’, ‘தொழில்நுட்ப ஆதரவு’, ‘பொதுவானவை’. ஒரே பில்லுக்கு இரண்டு தடவை பணம் போய்விட்டது என்று வருகிறவர் இதில் எதைத் திறப்பார்? கணக்கா, கட்டணமா, தொழில்நுட்பமா? மூன்றையும் திறந்து பார்த்துவிட்டு, கடைசியில் ‘பொதுவானவை’யில் போய் விழுவார். அங்கே நிறுவனத்தின் வரலாறு இருக்கும்.

எந்த மாடியில் எந்த செக்‌ஷன் உட்கார்ந்திருக்கிறது என்பதைத்தான் அந்தப் பெட்டிகள் காட்டுகின்றன. உள்ளே வேலை செய்கிறவருக்கு அது வசதி. கரண்ட் போய் இருட்டில் உட்கார்ந்திருப்பவருக்குத் தன் இணைப்பு தாழ்வழுத்தமா உயரழுத்தமா என்று தெரியாது. ‘ஒரு ஃபேஸ் மட்டும் வரல’ என்று தெரியும். அந்த வார்த்தைக்கு ‘உதவி’ பக்கத்தில் ஓர் இடம் வேண்டும்.

இந்தப் பிரச்சினையைக் கம்ப்யூட்டர் வருவதற்கு முன்பே கையில் எடுத்த ஒருவர் நம் பக்கத்து ஊர்க்காரர். நெல்லிக்குப்பத்தில் ரயில் ஏறினால் திருப்பாதிரிப்புலியூர், கடலூர் துறைமுகம், சிதம்பரம், கொள்ளிடம் தாண்டி சீர்காழி. அங்கே 1892இல் பிறந்தவர் எஸ்.ஆர்.ரங்கநாதன். கணக்கு வாத்தியாராக இருந்தவர், 1924இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் நூலகரானார். 1931இல் அவர் வெளியிட்ட நூலக விதிகள் ஐந்தில் நான்காவது, வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்து என்பது. கேட்கச் சாதாரணமாக இருக்கும். நடைமுறையில் அதன் பொருள் பெரிது. எந்தப் புத்தகத்தை எந்த அலமாரியில், எந்த உயரத்தில், எதற்குப் பக்கத்தில் வைப்பது என்று முடிவெடுக்கும்போது, அடுக்குகிறவரின் சௌகரியம் பின்னால் போய்விட வேண்டும்.

அவர் அதோடு நிற்கவில்லை. லண்டனில் படிக்கப் போன இடத்தில் ஒரு கடையில் மெக்கானோ என்கிற விளையாட்டுச் சாமானைப் பார்த்தார். அதே துண்டுகள், சேர்ப்பதைப் பொறுத்து வேறு வேறு பொம்மைகள். புத்தகங்களையும் அப்படி வகைப்படுத்தலாமே என்று தோன்றியதன் விளைவு, 1933இல் வந்த கோலன் பகுப்பு முறை. ஒரு பொருளுக்கு ஒரே ஒரு பெட்டி என்றில்லாமல், எதைப் பற்றியது, எந்த ஊர், எந்தக் காலம் என்று பல பக்கத்திலிருந்தும் அதை எட்டலாம். இன்று துணிக்கடைத் தளத்தில் நிறம், அளவு, விலை என்று டிக் அடித்துச் சட்டை தேடுகிறோமே, அதற்குப் பின்னால் இருக்கும் யோசனையும் இதுதான். சட்டை விற்கிற பக்கத்தில் இதை நன்றாகவே பயன்படுத்துகிறார்கள். அதே சட்டை கிழிந்து வந்துவிட்டால் போய் நிற்கிற ‘உதவி’ பக்கத்தில் மட்டும் பழையபடி பெட்டிக்குள் பெட்டி.

கரும்பையே எடுத்துக்கொள்வோம். 1842இல் தொடங்கியதாகச் சொல்லப்படும் ஈ.ஐ.டி. பாரி சர்க்கரை ஆலை நெல்லிக்குப்பத்தின் அடையாளம். சுற்றுவட்டாரத்தில் கரும்புதான் பேச்சு. எந்த ஆலையாவது தன் விவசாயிகளுக்கு ஓர் ‘உதவி’ பகுதி கட்ட நினைத்தால், உள்ளே இருப்பவர்கள் ‘பதிவு’, ‘கள அலுவலர்’, ‘அறுவடை’, ‘கணக்குப் பிரிவு’ என்றுதான் பிரிப்பார்கள். கரும்பு போட்டவர் மனதில் இருப்பது இரண்டே கேள்வி: வெட்டு உத்தரவு எப்போ வரும், பணம் எப்போ வரும்? இரண்டாவது கேள்விக்குச் சட்டமே பதில் வைத்திருக்கிறது. 1966ஆம் ஆண்டு கரும்புக் கட்டுப்பாட்டு ஆணைப்படி, கரும்பு ஒப்படைத்த 14 நாளுக்குள் பணம் கொடுக்க வேண்டும். தாமதமானால் ஆண்டுக்கு 15 சதவீத வட்டி. இந்த ஒரு வரி முதல் திரையில், விரலால் தள்ளாமலே கண்ணில் பட வேண்டும். எத்தனை ஆலைகளுக்கு இதை அங்கே எழுத மனம் வரும் என்பது தனிக் கதை. பக்க அமைப்பு வெறும் அழகு விஷயம் இல்லை என்று நான் நினைக்க இதுவும் ஒரு காரணம். எதைக் கீழே தள்ளினார்கள் என்று பார்த்தாலே பல சங்கதிகள் புரிந்துவிடும்.

தமிழில் ‘உதவி’ பக்கம் கட்டுகிறவர்களுக்கு ஒரு வரம் உண்டு. அதை அவர்களே கெடுத்துக்கொள்கிறார்கள். திரையில் படிக்கிறவர்கள் வரிகளை முழுசாகப் படிப்பதில்லை. இடது ஓரமாகக் கண்ணை இறக்கிக்கொண்டே போவார்கள். 2006இல் இணையப் பயன்பாட்டு ஆய்வாளர் ஜேக்கப் நீல்சன் குழுவினர் கண்ணசைவை அளந்து சொன்னது இது. ஆங்கிலத்தில் ‘எப்படி’ முன்னால் வருவதால், கேள்விகளை வரிசையாக அடுக்கினால் இடது ஓரம் முழுக்க ஒரே சொல்லாக நிற்கும். பிரிட்டன் அரசு 2012இல் தன் துறைத் தளங்களை ஒரே தளத்துக்குள் கொண்டுவந்தபோது, ‘அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்’ என்ற பகுதியே வேண்டாம் என்று எழுதுகிறவர்களுக்கு விதி வைத்ததற்கு இதுவும் ஒரு காரணம். தமிழில் நாம் இயல்பாகவே ‘பட்டா மாறுதல் செய்வது எப்படி?’, ‘மீட்டர் ஓடவில்லை என்றால்?’, ‘பெயர் மாற்ற என்ன வேண்டும்?’ என்றுதான் கேட்போம். தேடுகிற சொல் தானாக முன்னால் வந்து நிற்கிறது. ஆனால் பக்கங்களில் இருப்பதென்ன? ‘நான் எவ்வாறு எனது...’, ‘நான் எவ்வாறு எனது...’ என்று பன்னிரண்டு வரி. யாரும் எந்தக் கவுன்டரிலும் இப்படிப் பேசிக் கேட்டதில்லை.

எழுத்துக்கும் இடம் விட வேண்டும். ஆங்கில எழுத்துக்காகச் செய்த பட்டனுக்குள் தமிழைத் திணித்தால் ‘கீ’யின் சுழி மேலே வெட்டுப்படும், ‘பூ’வின் சுழி கீழே வெட்டுப்படும். ‘நிலுவைத் தொகையைச் செலுத்துக’ என்பது சின்ன போனில் மூன்று வரியாக உடைந்து, மூன்றாவது வரி பட்டனுக்கு வெளியே தொங்கும். ‘பாக்கி கட்ட’ என்று எழுதினால் ஒரே வரி, எல்லாருக்கும் புரியும். மரியாதைக் குறைவு என்று அதிகாரிகள் முகம் சுளிக்கலாம். பாக்கியை வசூல் செய்ய ஆள் அனுப்பும்போது இந்த வார்த்தையைத்தானே சொல்லி அனுப்புகிறார்கள்!

தேடல் பெட்டி இன்னொரு சோதனை. ‘கரண்ட் இல்ல’ என்பதை ஆங்கில எழுத்தில் தட்டுகிறவர்கள்தான் அதிகம். மைக்கை அமுக்கிப் பேசுகிறவர்களும் இருக்கிறார்கள். பக்கத்தில் ‘மின்தடை’ என்று மட்டும் எழுதி வைத்தால் இருவருக்கும் ‘முடிவுகள் ஏதுமில்லை’தான். தமிழக அரசு 2010 ஜூனில், கோவை செம்மொழி மாநாட்டை ஒட்டி, யுனிகோடையும் டேஸ் 16ஐயும் அரசுக்கான எழுத்துக் குறியாக்கத் தரமாக அறிவித்தது. அதற்குப் பிறகும் பழைய எழுத்துருவில் அடித்த பி.டி.எஃப்.களும், ஸ்கேன் செய்த அரசாணைகளும் ‘உதவி’ பகுதிகளில் குவிந்து கிடக்கின்றன. பதில் அதற்குள்தான் இருக்கும். தேடினால் கிடைக்காது. வெறுங்கையோடு திரும்பிய தேடல்களின் பட்டியல் ஒவ்வொரு தளத்தின் பின்னாலும் சேமிக்க முடிந்த ஒன்று. வாரம் ஒரு தரம் அதை உட்கார்ந்து படிக்க ஓர் ஆளைப் போட்டால், அடுத்து எழுத வேண்டிய பதில்கள் தானாக வரிசையில் நிற்கும்.

போன் நம்பர் விஷயத்துக்கு வருவோம். பல நிறுவனங்கள் அதை ஒளித்து வைக்கின்றன. முதலில் ‘வணக்கம்! நான் உங்களுக்கு எப்படி உதவட்டும்?’ என்று ஒரு சாட்பாட் குதித்து வந்து திரையை மறைக்கும். அதன் நாலு விருப்பங்களில் நம் பிரச்சினை இருக்காது. ஐந்தாறு பக்கம் தாண்டினால் ஓர் எண் கிடைக்கலாம். அழைப்புகள் குறைந்தால் செலவு குறையும் என்பது அவர்கள் கணக்கு. செலவு குறைவதில்லை, வேறு ஆள் தலையில் போய் விழுகிறது. எண் கிடைக்காதவர் கூகுளில் ‘கஸ்டமர் கேர் நம்பர்’ என்று தேடுவார். அங்கே மோசடிக்காரர்கள் போட்டுவைத்த எண் மேலே வந்து நிற்கும். எதிர்முனையில் பேசுகிறவர் நல்ல மரியாதையாகவே பேசுவார், ஓர் ஆப்பை இறக்கச் சொல்வார், கணக்கு காலியாகும். பிறகு 1930க்குப் போன் போட்டு சைபர் குற்றப் பிரிவில் அழ வேண்டியதுதான். இந்த ஏமாற்று நடக்கக் காரணம் ஜனங்களின் அறியாமை என்று மட்டும் சொல்லி நிறுவனங்கள் கை கழுவ முடியாது.

இதில் சட்டமும் கொஞ்சம் கை வைத்திருக்கிறது. 2020ஆம் ஆண்டு மின்வணிக விதிகளின்படி, இணையத்தில் விற்கிற நிறுவனம் தன் குறைதீர் அலுவலரின் பெயர், பதவி, தொடர்பு விவரத்தைத் தளத்தில் காட்ட வேண்டும். 48 மணி நேரத்துக்குள் புகார் வந்து சேர்ந்ததை ஒப்புக்கொள்ள வேண்டும். ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். காட்டத்தான் செய்கிறார்கள், பக்கத்தின் அடியில், சாம்பல் நிறப் பொடி எழுத்தில். வங்கி என்றால், புகார் கொடுத்து 30 நாளில் தீராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். இப்படி ‘எங்களால் முடியாவிட்டால் அடுத்து எங்கே’ என்று சொல்லும் வரி, ஒவ்வொரு பதிலின் அடியிலும் இருக்க வேண்டியது.

நல்ல உதாரணம் இல்லாமல் இல்லை. தமிழக மின்வாரியம் 2021 ஜூனில் தொடங்கிய ‘மின்னகம்’ சேவையின் எண் 94987 94987. ஐந்து இலக்கத்தை இரண்டு தடவை சொன்னால் முடிந்தது. எந்தச் செக்‌ஷன், எந்த உதவிப் பொறியாளர் என்று தேட வேண்டாம். கடலூர் மாவட்டத்துக்காரர்களுக்கு இதன் அருமை தெரியும். 2011 டிசம்பர் 30இல் தானே புயல் பண்ருட்டி முந்திரியையும் பலாவையும் மின்கம்பங்களோடு சேர்த்துச் சாய்த்துப் போட்டது. 2024இல் ஃபெஞ்சல் புயல் வந்த கையோடு தென்பெண்ணையில் வெள்ளம். அப்படிப்பட்ட ராத்திரியில் போனில் சார்ஜ் பத்து சதவீதம் இருக்கும், சிக்னல் ஒரு கோடு இருக்கும். அந்த நேரத்தில் திறக்கிற ‘உதவி’ பக்கத்தில் ஓடுகிற படமும் வீடியோவும் இருந்தால் பக்கம் வந்து சேராது. எழுத்தாக ஒரு நம்பர், தொட்டவுடன் போன் போகும்படி. மற்றதெல்லாம் அதன் கீழே வரட்டும்.

மாற்றி அமைக்கப் பெரிய கன்சல்டன்ட் தேவையில்லை. ஐந்து பேரை வைத்துப் பார்த்தாலே ஒரு பக்கத்தின் பெரும்பாலான குறைகள் வெளியே வந்துவிடும் என்பது நீல்சன் 2000இல் சொன்ன பிரபலமான கணக்கு. ஆனால் அந்த ஐந்து பேர் ஆபீஸ் கேன்டீனில் பிடித்த ஐந்து பேராக இருக்கக்கூடாது. நெல்லிக்குப்பம் பஸ் ஸ்டாண்டில் ஒருவர், ஆலை வாசலில் டிராக்டரோடு காத்திருக்கும் ஒருவர், மகளிர் குழுக் கணக்கு எழுதும் அக்கா ஒருவர் என்று பிடிக்க வேண்டும். கேள்விகளைத் துண்டுச் சீட்டுகளில் எழுதிக் கொடுத்து, ‘ஒண்ணா இருக்க வேண்டியதை ஒண்ணா வைங்க’ என்று சொல்லிவிட்டுச் சும்மா இருக்க வேண்டும். சும்மா இருப்பதுதான் கஷ்டம். பொறியாளர்களுக்கு உடனே விளக்கம் சொல்ல வாய் துறுதுறுக்கும்.

ஒரு தடவை அடுக்கியதோடு வேலை முடியாது. மே, ஜூனில் பள்ளிச் சேர்க்கைக்கு சாதிச் சான்றும் வருமானச் சான்றும் கேட்டு வருவார்கள். அக்டோபர் பிறந்தால் மின்தடையும் வெள்ளமும். அரவைப் பருவத்தில் கரும்புப் பணம். நெட் சென்டர்க்காரர் அந்தந்த மாதம் வேறு தாள் ஒட்டுகிறார். இணையதளத்தில் வரிசையை மாற்ற பசை கூட வேண்டாம், அனுமதிதான் வேண்டும். அந்த அனுமதிக் கோப்பு இப்போது எந்த மாடியில் இருக்கிறது என்று அந்தந்த நிறுவனத்தார்தான் சொல்ல வேண்டும்.