சுண்டுவிரல் நகத்தளவு பிலிம்! வீட்டிலேயே கழுவலாம், தூசி விழுந்தால் போச்சு!

விருத்தாசலம்,-

சட்டைப் பையில் போட்டால் வெளியே தெரியாது. நீளம் வெறும் 8 சென்டிமீட்டர். ஆனால் ஒரு தடவை பிலிம் போட்டால் 50 படம் எடுக்கலாம்! அதுதான் "மினாக்ஸ்" கேமரா.

வால்டர் சாப் என்பவர் உருவாக்கிய இந்தக் கேமரா, 1938-ம் ஆண்டு லாட்வியா நாட்டு ரீகா நகரில் விற்பனைக்குத் தயாரானது. சாதாரண மக்களுக்காக அவர் செய்ததை உளவாளிகள் பிடித்துக் கொண்டார்கள். சோவியத் ராணுவக் கர்னல் பென்கோவ்ஸ்கி, ரகசியக் காகிதங்களை இதில்தான் படம் பிடித்து மேல்நாட்டாருக்குக் கொடுத்தார். 1962-ல் பிடிபட்டார். 1963-ல் மரண தண்டனை!

அந்தக் காலம் போய்விட்டது. இன்று பழைய மினாக்சைத் தேடி வாங்குகிறவர்கள் போட்டோ பைத்தியங்கள்தான். ஆனால் எடுத்த பிலிமைக் கழுவித் தர சாதாரண ஸ்டூடியோவில் வசதி கிடையாது. வீட்டில் தானே கழுவிக் கொள்ள வேண்டியதுதான்.

எல்லாம் இருட்டிலே

இதற்கென்று தனி பிலிம் கிடைப்பது அரிது. அதனால் சாதாரண 35 மில்லிமீட்டர் கறுப்பு வெள்ளை பிலிமையே வாங்கி, இரட்டை பிளேடு வைத்த கருவியில் நீளவாக்கில் கிழிக்கிறார்கள். ஓரத்து ஓட்டைகள் கழிந்து, 9.2 மில்லிமீட்டர் அகலத்தில் இரண்டு நாடா கிடைக்கும். அதைச் சுருட்டி, கேமராவின் குட்டி டப்பாவில் அடைக்க வேண்டும்.

"சிவப்பு விளக்கு போட்டுக்கலாமே?" என்று சினிமா பார்த்தவர்கள் கேட்பார்கள். கூடவே கூடாது! சிவப்பு விளக்கு, படம் அச்சிடும் காகிதத்துக்குத்தான். இந்த பிலிமுக்குக் கும்மிருட்டு வேண்டும்.

பிலிமை மூடிய டேங்கில் போட்ட பிறகு விளக்கைப் போடலாம். முதலில் டெவலப்பர். அப்புறம் அதை நிறுத்தும் அமிலத் தண்ணீர். அடுத்தது ஹைப்போ. கடைசியில் நல்ல தண்ணீரில் அலசல். குட்டி டேங்குக்கு ஒரு தடவைக்கு 60 மில்லி மருந்துகூட தேவைப்படாது.

வெயில் என்ற வில்லன்

டெவலப்பருக்கு ஏற்ற சூடு 20 டிகிரி. விருத்தாசலத்தில் கத்திரி வெயிலில் மொட்டை மாடித் தொட்டித் தண்ணீர் கையைச் சுடும்! அதிலே கழுவினால் பிலிமின் மேல் உள்ள ஜெலட்டின் ஊறிக் குழைந்துவிடும். ஒரு மருந்து குளிர்ச்சி, அடுத்தது சூடு என்றால் படம் சுருக்கம் விழுந்து பாழாகும்.

இதற்கு வழி உண்டு. ஒரு பேசினில் ஐஸ் போட்ட தண்ணீர் வைத்து, மருந்து பாட்டில்களையும் அலசுகிற தண்ணீரையும் அதற்குள்ளே நிறுத்த வேண்டும். மருந்துக்குள் ஐஸ் போடக்கூடாது. தெர்மாமீட்டர் எல்லாவற்றிலும் ஒரே அளவு காட்டினால் வேலையைத் தொடங்கலாம்.

கயிறாகும் முடி

அடுத்த வில்லன் தூசி. பொம்மையும் பியூஸ் கட்டையும் செய்யும் பீங்கான் ஊரில் வெள்ளை மண் தூசிக்குப் பஞ்சமில்லை.

ஒரு படத்தின் அளவு 8-க்கு 11 மில்லிமீட்டர். 35 மில்லிமீட்டர் பிலிமில் உள்ள படத்தில் பத்தில் ஒரு பங்குதான். அதை போஸ்ட் கார்டு அளவுக்குப் பெரிதாக்கினால் 13 மடங்கு. ஒட்டிய தூசியும் கூடவே 13 மடங்கு ஆகும். பாட்டியின் முகத்தில் ஒரு தலைமுடி கயிறு மாதிரி தொங்கும்!

அதனால் கடைசி அலசலுக்கு பேட்டரியில் ஊற்றும் காய்ச்சி வடித்த தண்ணீர் நல்லது. குளியலறையில் தண்ணீர் தெளித்துத் தூசி அடங்கிய பிறகு, கதவைச் சாத்தி, கிளிப் போட்டுத் தொங்கவிட வேண்டும். மின்விசிறியைத் தொடவே கூடாது.

எச்சரிக்கை!

சமையல் பாத்திரத்தில் மருந்து கலக்காதீர்கள். பாட்டிலில் பெயர் எழுதி, குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் வையுங்கள்.

சூளையில் விரிசல் விட்ட பொம்மையை ஒட்ட முடியாது. கெட்டுப் போன பிலிமும் அப்படித்தான். ஒரு சுருள் போனால் 50 படமும் போச்சு. ஆகவே முதல் சுருளில் பேத்தியின் காதுகுத்தை எடுக்காதீர்கள். வாசலையும் வேப்ப மரத்தையும் எடுத்துக் கழுவிப் பழகுங்கள். கை பழகிய பிறகு காதுகுத்துக்குப் போகலாம்.