திரைக்கதை வகைமையும் இலக்கணமும்

திரைக்கதை எழுதுவதைப் பல்கலைக்கழகப் பாடமாக்கும் முயற்சி பேசாப்படக் காலத்திலேயே தொடங்கிவிட்டது. நியூயார்க்கில் உள்ள கொலம்பியா பல்கலைக்கழகத்தில் 1915ஆம் ஆண்டில் விக்டர் ஃபிரீபர்க் இதற்கெனத் தனி வகுப்பு நடத்தினார். 1917 முதல் ஃபிரான்சிஸ் டெய்லர் பேட்டர்சன் அதனைத் தொடர்ந்தார். இன்றைய பாடத்திட்டங்களில் துப்பறியும் கதை, பேய்க்கதை, நகைச்சுவை, அறிவியல் புனைவு என வகை பிரித்துக் கற்பிக்கும் தாள்கள் உள்ளன. அவ்வகுப்புகளில் 'வகைமையின் இலக்கணம்', 'மரபு மீறல்' போன்ற தொடர்கள் மிகுதியும் ஆளப்படுகின்றன. இவற்றை வெறும் உருவகங்கள் எனக் கொள்ளுதல் பொருந்தாது. இவை மொழியியலிலிருந்து பெற்ற கடன்கள். அக்கடன் எந்த எல்லைவரை செல்லும் என்பதைத் தெளியாது இத்துறை நூல்களைத் தமிழாக்குவோர் கலைச்சொற்களில் இடர்ப்பட நேரும்.

கடன் வந்த முதல் வாயில் நாட்டுப்புறவியல் ஆகும். ருசிய அறிஞர் விளாதிமிர் புராப் நூறு மாயக்கதைகளை ஆராய்ந்து, அவற்றின் அமைப்பை 31 வினைக்கூறுகளில் அடக்கி 1928இல் நூலாக வெளியிட்டார். கதைமாந்தர் மாறலாம், அவர்தம் செயல்களும் அவை நிகழும் வரிசையும் மாறுவதில்லை என்பது அவர் துணிபு. இந்நூல் 1958இல் ஆங்கிலத்திற்கு வந்தது. 1975இல் வில் ரைட் இம்முறையைத் தழுவி, அமெரிக்க எல்லைப்புறக் கதைப் படங்களின் செவ்வியல் வடிவிற்கு 16 வினைக்கூறுகளை வகுத்தார். தலைவன் ஒரு குழுவினுள் வருகிறான். அவர்கள் அவனை அறியார். அவனிடம் தனியாற்றல் உண்டென்பது பின்னர் வெளிப்படுகிறது என அப்பட்டியல் தொடங்குகிறது. ஆய்வாளனுக்கு இது பெரிதும் பயன்படும். எழுதக் கற்கும் மாணவனுக்கு அத்துணைப் பயன் தருமா என்பது ஐயமே. முடிந்த கதைகளிலிருந்து வடித்த பட்டியல் அது. யாப்பருங்கலக் காரிகையை மனப்பாடம் செய்த அனைவரும் வெண்பாவில் வல்லவராகிவிடுவதில்லை.

தாமஸ் ஷாட்ஸ் 1981இல் இச்சிக்கலை நேரடியாகவே எதிர்கொண்டார். சசூர் வகுத்த மொழியமைப்பு, பேச்சு என்னும் இருமையைக் கொண்டு, வகைமையை மொழியமைப்பிற்கும் தனிப்படத்தைப் பேச்சிற்கும் அவர் ஒப்பிட்டார். ஒப்புமை முறியும் இடத்தையும் அவரே சுட்டினார். ஒருவர் பேசும் ஒரு வாக்கியத்தால் மொழியின் இலக்கணம் மாறிவிடுவதில்லை. தனிப்படமோ தன் வகைமையின் இலக்கணத்தையே மாற்றிவிட வல்லது. ஆகவே வகைமை 'விதி' என்பது தொடரியல் விதி போன்றதன்று. பார்வையாளரின் எதிர்பார்ப்பே அங்கு விதியாக நிற்கிறது. மொழியியலில் இதற்கு நெருங்கிய உறவினர் பயன்வழியியல் எனலாம்.

ரிக் ஆல்ட்மன் 1984இல் எழுதிய கட்டுரை தமிழ் அறிஞர்க்குத் தனிச்சுவை பயப்பது. வகைமையில் பொருண்மைக் கூறுகள், தொடரியல் கூறுகள் என இரண்டு உண்டு என்பது அவர் கொள்கை. குதிரை, துப்பாக்கி, பாலைநிலச் சிற்றூர் முதலியன முன்னவை. இவற்றை இணைக்கும் உறவுகள் பின்னவை. 1952இல் வந்த 'ஹை நூன்' படத்தில் நண்பகல் இரயிலில் வரும் கொலைஞரை, ஊரார் கைவிட்ட காவல் அதிகாரி எதிர்கொள்கிறான். 1981இல் வந்த 'அவுட்லேண்ட்' படத்தில் இதே நிலை வியாழனின் துணைக்கோளான அயோவில் உள்ள சுரங்கக் குடியிருப்பில் நிகழ்கிறது. கொலைஞர் வருவது விண்கலத்தில். பொருண்மைக் கூறுகள் அறிவியல் புனைவிற்கு உரியவை, தொடரியலோ எல்லைப்புறக் கதைக்கு உரியது. முதல், கரு, உரி என்னும் பாகுபாட்டைப் பயின்றவர்க்கு இது புதிதன்று. உரிப்பொருள் ஒழிந்த பிற மயங்கலாம் எனத் தொல்காப்பியம் இடம் தருவது ஈண்டு நினைக்கத்தக்கது. இரண்டும் ஒன்றே எனக் கூறுதல் மிகையாகும்; ஆயினும் வகைமைக் கலப்பை விளக்கப் புகுவோர் 'திணை மயக்கம்' என்னும் ஆயத்தமான சொல்லை விட்டுவிட்டுப் புதுச்சொல் தேடி அலைய வேண்டியதில்லை.

புதுச்சொல் வேண்டும் இடங்களும் உள. 'வெஸ்டர்ன்' என்பதை 'மேற்கத்தியப் படம்' எனப் பெயர்த்தால், தமிழ் வாசகர் மேலைநாட்டுப் படம் என்றே பொருள் கொள்வர். வழக்கில் உள்ள 'கௌபாய் படம்' புலமைக் குறைவாகத் தோன்றினும் பொருளைத் தவறாது உணர்த்துகிறது. 2010இல் வெளியான 'இரும்புக்கோட்டை முரட்டு சிங்கம்' எவ்வகைப் படம் என்பதைத் தமிழர் அச்சொல்லாலேயே குறித்தனர்.

இதனினும் பெரிய இடர்ப்பாடு 'சஸ்பென்ஸ்' என்னும் சொல்லில் நேர்கிறது. 1966இல் நூலாக வந்த ஹிட்ச்காக், துருஃபோ உரையாடல் வகுப்பறைகளில் தவறாது எடுத்தாளப்படுவது. மேசைக்கு அடியில் வெடிகுண்டு இருப்பதைப் பார்வையாளரும் அறியாதிருந்து அது வெடித்தால் கிட்டுவது ஒரு நொடி அதிர்ச்சி. பார்வையாளர் அறிந்து, மேசையில் அமர்ந்திருப்போர் அறியாதிருந்தால் அக்காட்சி முழுவதும் பதைப்பு நீள்கிறது. மர்மக்கதையில் குற்றவாளி யார் என்பதைப் பார்வையாளர், துப்பறிவாளர் ஆகிய இருவருமே அறியார். யார், எதை, எப்பொழுது அறிகிறார் என்பதே இவற்றைப் பிரிக்கும் அளவுகோல். மொழியியலார் கருத்தாடலில் அறிந்த செய்தி, புதுச்செய்தி என்று பிரிப்பதோடு இதனை ஒப்பிடலாம். வேறுபாடு, இங்குக் கேட்போர் இருவர், அவருள் ஒருவர் கதைக்குள் இருக்கிறார்.

தமிழில் 'திகில்' என்னும் ஒரு சொல் பேய்ப்படத்தையும் குறிக்கிறது, விறுவிறுப்பான குற்றப்படத்தையும் குறிக்கிறது; பதைப்பிற்கும் அதுவே வழங்குகிறது. விமரிசனத்தில் இதனால் பெருந்தீங்கில்லை. பாடநூலில் நிலைமை வேறு. 'திகிற்காட்சி ஒன்று எழுதுக' என்னும் பயிற்சி வினாவைப் பெறும் மாணவன், வெடிகுண்டைப் பார்வையாளருக்கு முதலில் காட்டுவதா, மறைப்பதா என்று அறிய இயலாது. 'அதிர்ச்சி', 'பதைப்பு', 'மர்மம்', 'அச்சம்' என நான்கு சொற்களையும் நூல் முழுவதும் பொருள் பிறழாமல் ஆளும் மொழிபெயர்ப்பாளரே அவனுக்கு அவ்விடையைத் தர இயலும்.