திரையில் தோன்றாத மயில்

சேலத்தை அடுத்த இளம்பிள்ளையிலும் அதைச் சூழ்ந்த சிற்றூர்களிலும் ராசிபுரத்துப் பட்டுத் தறிகளிலும் நெய்யப்படும் சேலைகளின் கரையிலும் முந்தியிலும் நாம் கண்டு மகிழும் மயிலும் மாங்காயும் அன்னமும், நெசவாளியின் கைக்கு வருமுன்னர் கட்டம் கட்டமாகக் கோடிழுத்த ஒரு கிராப் காகிதத்தில்தான் உருக்கொள்கின்றன என்பதைத் தறியின் அருகில் சற்று நேரம் நின்றவர் அறிவர். அக்காகிதத்தின் ஒவ்வொரு குறுக்கு வரிசையும் ஓர் அட்டையாகிறது. கட்டம் நிரம்பியிருக்கும் இடத்தில் அட்டையில் துளை விழுகிறது. துளைக்குள் நுழைந்த ஊசியின் கொக்கி உயர்ந்து, தன் பாவு இழைகளைத் தூக்குகிறது. துளையில்லாத இடத்தில் ஊசி தள்ளப்பட்டுக் கொக்கி விலகி நிற்க, இழை கீழேயே தங்கிவிடுகிறது. பிரான்ஸ் தேசத்து லியோன் நகரில் ஜோசப் மரி ஜக்கார்ட் என்பவர் 1804-ஆம் ஆண்டை ஒட்டிச் செப்பம் செய்த இந்த யந்திரம், நம் கைத்தறிகளின்மேல் 120 கொக்கி, 240 கொக்கி என்ற அளவுகளில் பெட்டியாக ஏறி அமர்ந்திருக்கிறது. மயிலானது இங்கே இறகும் தோகையுமாக அன்றி, ‘உண்டு’, ‘இல்லை’ என்னும் இரண்டே சொற்களின் நெடிய வரிசையாகவே சேமிக்கப்பட்டிருக்கிறது.

கணிப்பொறியின் திரையில் தெரியும் படமும் இவ்வகையைச் சேர்ந்ததே. ஆகையால் கிராப் காகிதத்தின் வேலையைக் கணிப்பொறி ஏற்றுக்கொண்டதில் வியப்பொன்றுமில்லை. சேலத்தில் 1960-ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட இந்தியக் கைத்தறித் தொழில்நுட்ப நிறுவனத்தைப் போன்ற கல்விச் சாலைகளில் பயில்பவர்கள் இன்று டிசைனைத் திரையிலேயே கட்டம் நிரப்பி வரைகிறார்கள். மின்னணு ஜக்கார்டு பூட்டிய தறியோ அட்டையே இல்லாமல் படக் கோப்பை நேராக வாங்கிக்கொண்டு கொக்கிகளை இயக்குகிறது. விலை மிகுந்த பெரிய மென்பொருள்கள் ஒருபுறமிருக்க, நிரலெழுதப் பழகிய பிள்ளைகள் தம் வீட்டுத் தறிக்கென்று ஒரு சிறு நிரல் எழுதிப் பார்ப்பது இவ்வட்டாரத்தில் எவரும் எளிதில் எண்ணக்கூடிய காரியமே. அப்படி எழுதியவருக்கு முதலில் வந்து சேரும் புகார் ஒன்றுண்டு: “ஜன்னல் தொறக்குதுங்கண்ணா, மயிலுதான் வரலீங்க.”

இந்த நோயைப் பற்றியே இங்கே சொல்லப்போகிறேன்.

படம் தெரியவில்லை என்ற ஒரே வாக்கியத்துக்குள் இரண்டு வேறான வியாதிகள் ஒளிந்திருக்கின்றன. கோப்பிலிருந்து படம் நிரலின் நினைவகத்துக்குள் ஏறவேயில்லை என்பது ஒன்று. ஏறிய படம் திரைமேல் வரையப்படவில்லை என்பது மற்றொன்று. இவற்றைப் பிரித்தறிய ஒரு கேள்வி போதும்: ஏற்றிய படத்தின் அகலமும் உயரமும் எவ்வளவு என்று நிரலையே கேட்டு அச்சிடச் செய்யவேண்டும். சுழியம் என்று விடை வந்தால் குற்றம் கோப்பின் பக்கம். 120 என்றும் 160 என்றும் விடை வந்தால் கோப்பு நல்லபடியாக ஏறியிருக்கிறது, குற்றம் ஜன்னலின் பக்கம். இதைக் கேளாமலே வரிகளை மாற்றி மாற்றி எழுதுவோர் மிகப் பலர். அவர்கள்மேல் முழுப் பழியையும் சுமத்துவதும் முறையன்று. நார்வே நாட்டில் பிறந்து இன்று உலகெங்கும் வழங்கும் க்யூ.டி. என்னும் கருவித்தொகுப்பு, கேட்ட படம் கிடைக்காவிட்டால் கூக்குரலிடாமல் ஒரு வெற்றுப் படத்தைக் கையில் கொடுத்துவிட்டு மேலே போய்விடும். உரக்கக் கத்தி விழுந்துவிடும் நிரலைவிட, ஒன்றுமே நடவாததுபோல் ஓடிக்கொண்டிருக்கும் நிரலே அதிக ஆபத்தானது என்பது என் அபிப்பிராயம்.

கோப்பு ஏறாமைக்கு முதற்காரணம் பெரும்பாலும் முகவரிதான். ‘படங்கள்’ என்ற கோப்புறையில் உள்ள மயிலைக் கொண்டுவா என்று நிரலில் எழுதியிருந்தால், எந்த இடத்திலிருந்து பார்க்கையில் அந்தக் கோப்புறை என்ற கேள்வி எழுகிறது. நிரல் இருக்கும் இடத்திலிருந்து என்று எழுதியவர் நினைக்க, நிரல் எங்கிருந்து இயக்கப்பட்டதோ அங்கிருந்து என்று யந்திரம் கொள்கிறது. எழுதியவர் தம் கோப்புறைக்குள் நின்றே இயக்குவதால் இரண்டும் ஒன்றாகிவிடுகின்றன. தறிக்காரரோ முகப்பிலுள்ள குறுக்குவழிச் சின்னத்தை அழுத்துகிறார், இரண்டும் வேறாகிவிடுகின்றன. அதன்மேல் எழுத்து வேற்றுமை வேறு: பெயரிலுள்ள ஆங்கிலப் பெரிய எழுத்தையும் சிறிய எழுத்தையும் விண்டோஸ் ஒன்றாகவே பாவிக்கும், லினக்ஸுக்கு அவை இரண்டு தனித்தனிக் கோப்புகள். கோப்புறைகளைப் பிரிக்கும் சாய்கோடும் விண்டோஸில் பின்புறம் சாயும், லினக்ஸில் முன்புறம் சாயும். முன்புறக் கோட்டை விண்டோஸும் பெரும்பாலும் ஏற்றுக்கொள்வதால் அதையே எழுதுவது நலம்.

அடுத்த காரணம் கோப்பின் ஜாதி. பெயரின் வாலில் பி.என்.ஜி. என்று எழுதியிருப்பதனாலேயே அது பி.என்.ஜி. ஆகிவிடாது. உண்மையான பி.என்.ஜி. கோப்பின் முதல் பைட் 137 என்ற எண், அடுத்து வருபவை பி, என், ஜி என்னும் மூன்று எழுத்துகள், பி.எம்.பி. கோப்போ பி, எம் என்று தொடங்கும். சந்தேகம் வந்தால் வாலைப் பாராமல் தலையைப் பார்க்கவேண்டும். பைதான் மொழியோடு வரும் டிகிண்டர் என்னும் ஜன்னல் கருவித்தொகுப்பு, 2012-இன் இறுதியில் வெளிவந்த, தனக்கு அடிப்படையான டிகே 8.6 பதிப்பு முதற்கொண்டே பி.என்.ஜி.யைத் தானாகப் படிக்கக் கற்றது, ஜே.பி.ஜி.யைப் படிக்க வேண்டுமாயின் பில்லோ என்ற துணைத் தொகுதியைச் சேர்த்துக்கொள்ள வேண்டும். இந்த ஜே.பி.ஜி.யைப் பற்றி நெசவு டிசைன் வரைவோர் எச்சரிக்கையாயிருக்க வேண்டும். அது புகைப்படத்துக்கென்று வகுக்கப்பட்ட முறை. கண்ணுக்குப் புலப்படாத நுட்பங்களைக் கழித்து இடத்தை மிச்சப்படுத்துவது அதன் இயல்பு. மூன்றே வர்ணத்தில் வரைந்த கிராபை வாட்ஸ்அப்பில் புகைப்படமாக அனுப்பிவிட்டால், மறுமுனையில் அது ஜே.பி.ஜி.யாகச் சென்று சேர்ந்து, சிவப்பும் மஞ்சளும் சந்திக்கும் விளிம்பில் இடைப்பட்ட நிறங்கள் பல முளைத்திருக்கும். மூன்று வர்ணத்தை எதிர்பார்த்திருந்த நிரல், எந்தக் கட்டம் உண்டு, எது இல்லை என்று தீர்மானிக்க முடியாமல் திகைக்கும். ஆவணமாக அனுப்பினால் இந்த விபரீதம் நேராது.

இனி, ஏறிய படம் தோன்றாமை. டிகிண்டரில் எழுதுவோர் அனைவரையும் ஒருமுறையேனும் ஏமாற்றியிருக்கும் குற்றம் ஒன்று இங்கே உண்டு. பைதான் மொழி, எந்தப் பெயராலும் பற்றப்படாத பொருளைக் குப்பையென்று கருதி அகற்றிவிடும். ஒரு செயற்கூற்றுக்குள் படத்தை ஏற்றி, அதை ஜன்னலிலுள்ள ஒரு சட்டத்தில் வைத்துவிட்டுச் செயற்கூறு முடிந்ததும், படத்தைப் பற்றியிருந்த பெயர் மறைகிறது, சட்டம் அதைத் தன்னளவில் பற்றிக்கொள்வதில்லை, படம் அகற்றப்படுகிறது, படத்தின் அளவுக்கு ஒதுக்கப்பட்ட வெற்றிடம் மட்டும் எஞ்சுகிறது. பிழைச் செய்தி ஏதும் வாராது. படத்தைச் சட்டத்தின் ஒரு பண்பாகவே சேர்த்துக் கட்டிவிடும் ஒற்றை வரியில் இது தீர்ந்துவிடும்.

இவையெல்லாம் படமே காணாமற்போகும் வகை. படம் தோன்றி, ஆனால் மயில் சரிந்து கிடக்கும் வகை இன்னும் சுவையானது. அதைச் சற்று நின்று பார்க்கலாம்.

120 கொக்கிக்கு ஏற்ற கறுப்பு வெள்ளை டிசைனின் ஒரு வரிசையில் 120 கட்டங்கள். ஒரு பைட்டுக்கு 8 கட்டம் என்று அடைத்தால் வரிசைக்கு 15 பைட் ஆகிறது. ஆனால் பி.எம்.பி. கோப்பின் விதியோ ஒவ்வொரு வரிசையும் நான்கின் மடங்கான பைட்டில் முடியவேண்டும் என்கிறது. எனவே 15-க்குப் பின் ஒரு வெற்றுப் பைட்டைச் சேர்த்து 16 ஆக்கியே அது எழுதப்படும். இவ்விதியை அறியாது 15, 15 ஆக எடுத்துப் படிக்கும் நிரல், இரண்டாம் வரிசையின் தொடக்கத்தில் முதல் வரிசையின் வெற்றுப் பைட்டை எடுத்துவைக்கிறது. படம் 8 கட்டம் வலப்புறம் தள்ளிப்போகிறது. மூன்றாம் வரிசை 16 கட்டம், நான்காம் வரிசை 24 கட்டம் என்று நகர்ந்து, 15 வரிசை கடப்பதற்குள் முழு அகலமும் ஒருமுறை சுற்றிவிடுகிறது. மயிலின் கழுத்து ஒரு மூலையிலும் தோகை வேறொரு மூலையிலுமாகச் சிதற, 8 கட்ட அகலமுள்ள ஒரே நிறப் பட்டை படிப்படியாய் மூலைவாட்டில் ஓடுவதைக் கண்டவுடன், நோய் இன்னதென்று அனுபவசாலி நிர்ணயித்துவிடுவார். 240 கொக்கியிலும் இதே கதிதான்: 30 பைட் 32 ஆகிறது, நகர்வு 16 கட்டம். 160 கட்ட அகலத்தில் ஒரு மாதிரிப் படத்தை வைத்துச் சோதித்தவருக்கோ, 20 என்பது நான்கின் மடங்காகவே அமைந்துவிட்டபடியால், குற்றம் கடைசிவரை கண்ணில் படாது.

பி.எம்.பி.யின் மற்றொரு வழக்கம், படத்தின் கீழ் வரிசையை முதலில் எழுதுவது. அறியாதவர் படித்தால் மயில் தலைகீழாக நிற்கும். நெசவுக்கு இது ஒருவகையில் அனுகூலமே. கிராபையும் அடியிலிருந்து மேல்நோக்கிப் படிப்பதே வழக்கமாதலால், கோப்பின் முதல் வரிசையே முதல் அட்டையாகிவிடுகிறது. அடுத்தது உருவத்தின் விகிதம். துணியில் அங்குலத்துக்குப் பாவு இழை 80, ஊடை 60 என்றிருந்தால், அறுபதுக்கு அறுபது கட்டத்தில் திரையில் வட்டமாக வரைந்த சக்கரம், முக்கால் அங்குல அகலமும் ஓர் அங்குல உயரமுமாகி, நாமக்கல் சீமைக்குப் பொருத்தமான முட்டையாக நெய்யப்படும். இதைத் தவிர்க்கவே கிராப் காகிதத்தின் கட்டங்களைச் சதுரமாக அமைக்காமல் துணியின் விகிதத்துக்கேற்ப அமைப்பார்கள். நிரலும் அதைப் பின்பற்றவேண்டும். விண்டோஸில் திரையின் உருப்பெருக்கம் 125 சதவிகிதம் என்றிருக்கும்போது நான்கு கட்டங்கள் ஐந்து பிக்சலுக்கு நீட்டப்படுவதால், நாலில் ஒரு கட்டம் மட்டும் இருமடங்கு பருத்தோ, எல்லாமே விளிம்பு மங்கியோ தெரிவதும் இவ்வினத்தைச் சேர்ந்ததே. முழு எண் மடங்கில் மட்டுமே பெருக்குவது என்று நிரலில் விதித்துவிட்டால் தொல்லையில்லை.

ஒரு கணிப்பொறியில் ஓடும் நிரலை மற்றொன்றில் ஓடச் செய்வது அடுத்த பிரச்சினை. 2011-ஆம் ஆண்டில் தமிழ்நாடு அரசு தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் மாணவர் கைக்கு வந்த பொறிகள் பலவற்றில், விண்டோஸோடு கூடவே சென்னை சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இருந்தது. ஆகவே இரண்டு உலகங்கள் என்பது நம் ஊர்ப் பிள்ளைகளுக்குப் புத்தகச் செய்தி அன்று. 120 கொக்கிப் பெட்டிக்கு அடித்த அட்டை 240 கொக்கிப் பெட்டியில் ஏறாது; மயில் ஒன்றாயினும் அட்டை வேறு. நிரற்கோப்பும் அப்படித்தான். விண்டோஸின் நிரற்கோப்பு எம், இசட் என்னும் எழுத்துகளோடு தொடங்கும். அவை அக்கோப்பு வடிவத்தை வகுத்த மார்க் ஸ்பிகோவ்ஸ்கி என்ற பொறியாளருடைய பெயரின் முதலெழுத்துகள். லினக்ஸின் நிரற்கோப்பு 127 என்ற பைட்டும் இ, எல், எஃப் என்ற எழுத்துகளுமாகத் தொடங்கும். ஒன்றின் தலையை மற்றொன்று அடையாளம் காணாது. பைதான் நிரலை ஒரே கோப்பாகக் கட்டித்தரும் பைஇன்ஸ்டாலர் என்ற கருவியும் எந்த அமைப்பின்மேல் இயக்கப்படுகிறதோ அதற்கு மட்டுமே கட்டும். லினக்ஸில் அமர்ந்து விண்டோஸுக்குரியதைக் கட்ட அதனிடம் கேட்பது பயனற்றது. ஒற்றைக் கோப்பாகக் கட்டப்பட்ட நிரல் இயங்கும்போது தன்னை ஒரு தற்காலிகக் கோப்புறையில் அவிழ்த்துக்கொள்ளும் என்பதால், முன்பு சொன்ன முகவரிக் குற்றம் இங்கே மறுபடியும் தலைதூக்கும்.

க்யூ.டி.யில் எழுதிய நிரலை வேறொரு விண்டோஸ் பொறிக்குக் கொண்டுபோகையில் நேரும் ஒரு சம்பவம் மிகவும் போதனை மிக்கது. பி.என்.ஜி. படங்கள் யாவும் ஒழுங்காகத் தெரியும், ஜே.பி.ஜி. படம் ஒன்றும் தெரியாது. கோப்புகள் தத்தம் இடத்தில் பழுதின்றி இருக்கும். பி.என்.ஜி.யைப் படிக்கும் திறமை க்யூ.டி.யின் மூல நூலகத்துக்குள்ளேயே அடங்கியிருக்க, ஜே.பி.ஜி.யைப் படிக்கும் திறமையோ பட வடிவங்களுக்கென்ற தனிக் கோப்புறையில் ஒரு சிறு செருகியாக வைக்கப்பட்டிருப்பதே இதன் ரகசியம். நிரலையும் பெரிய நூலகங்களையும் நகலெடுத்தவர் அக்கோப்புறையை மறந்துவிட்டார். அவருடைய சொந்தப் பொறியில் க்யூ.டி. முழுமையாக நிறுவப்பட்டிருந்தபடியால் அவருக்கு அது தேவைப்பட்டதே இல்லை. இவ்வளவையும் தானே தேடிச் சேர்க்கும் கருவி ஒன்று விண்டோஸுக்கான க்யூ.டி.யோடு கூடவே வருகிறது. படங்களை நிரலின் உடலுக்குள்ளேயே பொதிந்துவிடும் வசதியும் உண்டு, அப்படிப் பொதிந்தால் முகவரித் தொல்லையும் ஒழிகிறது.

லினக்ஸில் வேறொரு வகைத் தகராறு. நிரலனைத்தும் சார்ந்து நிற்கும் ஆதாரமான சி நூலகத்துக்குப் பதிப்பெண் உண்டு. பழைய பதிப்பின்மேல் கட்டிய நிரல் புதியதன்மேல் ஓடும், புதியதன்மேல் கட்டியது பழையதன்மேல் ஓடாது. அண்மையில் நிறுவிய லினக்ஸில் கட்டி, பழைய பாஸ் லினக்ஸ் மடிக்கணினிக்குக் கொண்டுசென்றால், இன்ன பதிப்பு கிடைக்கவில்லை என்ற ஒற்றை வரியை முனையத்தில் எழுதிவிட்டு நிரல் நின்றுவிடும். சின்னத்தை அழுத்தித் திறக்கும் தறிக்காரர் அந்த வரியையும் காணமாட்டார். ஆகவே இருப்பவற்றுள் மிகப் பழைய பொறியிலேயே லினக்ஸ் பதிப்பைக் கட்டவேண்டும், பைதானோ க்யூ.டி.யோ ஒருபோதும் நிறுவப்படாத ஒரு பொறியை இரவல் வாங்கி, அதில் 120 கட்ட மயிலையும் 240 கட்ட மயிலையும் திறந்து பார்த்த பிறகே அதைத் தறிக்கூடத்துக்கு அனுப்பவேண்டும்.